படகு போகும் தண்ணீர்

மெரிட் குடும்பத்தாரின் இருநூற்று நாற்பது ஏக்கரும் டாக்டர் கிரெஷம் கைக்குப் போன சேதி, பத்திரத்தில் மை காயும் முன்பே ஈஸ்ட் பார்னபி முழுக்கத் தெரிந்துவிட்டது. மளிகைக் கடையின் காலைக் காப்பிக் கூட்டம் அவர் வயதைச் சொன்னது, எத்தனை முறை கல்யாணம் செய்தவர் என்பதைச் சொன்னது, கனெக்டிகட்டில் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டியே இத்தனையும் சேர்த்தார் என்பதையும் சொன்னது. ஆள் எப்படி என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதை அவரே ஒரு வாரத்தில் தெரிவித்துவிட்டார். டிக்கர் ஓடையின் இரு கரையிலும் மரத்துக்கு மரம் மஞ்சள் போர்டு. வேட்டையாடக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, பொறி வைக்கக் கூடாது.

பல்லுக்குக் கம்பி கட்டின கை சும்மா இருக்குமா என்றது கடை.

ரீட்டா டீபோ அந்த போர்டுகளைப் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தாள். முப்பத்தொரு வருடமாக அதே பேருந்து வழி, அதே பாலம். பாலத்துக்கு அரை மைல் கீழே, பாறையடியில் ‘கெட்டில்’ என்று ஊர் கூப்பிடும் மடு இருக்கிறது. அதில் கிடைக்கும் ட்ரௌட் மீன் ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் சோளமாவில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்தால், பாதிரியார்கூட ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ரீட்டாவின் சனிக்கிழமைகள் எல்லாம் அந்த மடுவில்தான் கழிந்திருக்கின்றன. அவள் கல்யாணமே ஒரு சனிக்கிழமை என்பதால் அன்றைக்கு மணப்பெண் சற்றுத் தாமதமாக வந்தாள், கையில் மீன் வாடையோடு. இதை மணமகன் ஆர்மானே சொல்வார்.

ரீட்டா சின்ன உருவம் அல்ல. ஆர்மான் சின்ன உருவம். இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால் அவர் பக்கம் மேடாகிவிடும்.

போர்டு மாட்டிய முதல் கோடையில், ரீட்டா வழக்கம்போல மடுவில் இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் புதுப் பச்சைக் காலணியோடு இறங்கி வந்தார்.

“போர்டைப் படிச்சீங்களா, மேடம்?”

“முழுசாப் படிச்சேன். எழுத்தெல்லாம் அழகா இருக்கு. வருஷம்தான் இல்ல.”

“என்ன வருஷம்?”

“இந்த வருஷம்தான்.”

ஈஸ்ட் பார்னபி இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் நிலத்தை அடைக்க வேலி வேண்டியதில்லை, போர்டு போதும். ஆனால் ஒவ்வொரு போர்டிலும் அந்தந்த வருடத்தைப் போட்டு, ஊர் அலுவலகத்தில் பதிந்தும் வைக்க வேண்டும். இரண்டையும் டாக்டர் செய்யவில்லை. ஊர் எழுத்தர் ஏவிஸ் கோல்பர்னுக்கு இது முதல் நாளே தெரியும். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று பின்னால் யாரோ கேட்டதற்கு, “அவர் கேக்கலையே” என்றாள். கேட்காத விஷயத்தையும் மூன்று நாள் சொல்லக்கூடியவள் ஏவிஸ் என்பது ஊர் அறிந்தது.

அடுத்த ஜனவரியிலேயே டாக்டர் விழித்துக்கொண்டார். முழங்கால் பனியில் மரம் மரமாகப் போய் வருடம் எழுதினார், ஏவிஸிடம் வந்து பதிவு செய்தார். அதற்கடுத்த ஜனவரியிலும் அப்படியே. ஊர் ஒதுங்கியது. வேட்டைக்காரர்கள் மேற்கு மலைக்குப் போனார்கள். குளிர்காலங்களில் அந்த ஓடையில் பொறி வைத்து பீவர் என்ற நீர்ப்பிராணியைப் பிடித்துவந்த ஆர்மான், பொறிகளை எண்ணெய் தடவிக் கொட்டகையில் தொங்கவிட்டார். ரீட்டா மட்டும் ஒதுங்கவில்லை. ஏவிஸின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“நம்ம மாநில அரசியல் சட்டம் உங்கிட்ட இருக்காடி?”

“இருக்கு. நாய் லைசென்ஸ் வில்லைக்கு அடியில. எதுக்கு?”

“படிக்க.”

“அதையா? ஆயிரத்து எழுநூத்து எழுபத்தேழுல எழுதினது. நானே முதல் பக்கத்தைத் தாண்டினதில்ல.”

ரீட்டா நின்றபடியே படித்தாள். அவளுக்குப் பின்னால் நாய் லைசென்ஸுக்கு வந்த நாலு பேரும் நின்றார்கள், ஏனென்றால் அவளைச் சுற்றிக்கொண்டு போக அந்த அறையில் இடம் கிடையாது. அரை மணி கழித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். தன் நிலத்திலும், அடைக்கப்படாத பிறர் நிலத்திலும் உரிய காலத்தில் வேட்டையாட இம்மாநிலத்தார்க்குச் சுதந்திரம் உண்டு. அவ்வண்ணமே, படகு போகக்கூடிய நீர்களில் மீன் பிடிக்கவும்.

“பாத்தியா? நிலத்தை அவரு போர்டு போட்டு அடைக்கட்டும். படகு போற தண்ணியை அடைக்க முடியாது.”

“அது ஓடைடி. என் பூனை தாண்டுது அதை.”

“பூனை தாண்டுதான்னு இதுல கேக்கல. படகு போகுமான்னுதான் கேட்டிருக்கு.”

அந்தப் பக்கத்தை ஏவிஸ் நகல் எடுத்துக் கொடுத்தாள். ரீட்டா அதை நாலாக மடித்து மீன்பிடிச் சட்டையின் பையில், கொக்கிகளோடு வைத்துக்கொண்டாள்.

ஜூன் முதல் சனிக்கிழமை, மடுவுக்குச் சற்றுக் கீழே சாலையோரம் இருக்கும் பழைய ஆலையடியில் இறங்கித் தண்ணீருக்குள்ளேயே நடந்து மடுவுக்குப் போனாள். கரையில் கால் வைக்கவில்லை. டாக்டர் தொலைபேசியை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் வனவிலங்குக் காவலர் லூக் நாடோ வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்றான்.

“மிஸஸ் டீபோ, கொஞ்சம் மேல வர்றீங்களா?”

“மேல வந்தா அவரு நிலம். நான் சட்டத்தை மதிக்கிறவ. இங்கயே நிக்கிறேன்.”

“அப்போ சீட்டு எழுத வேண்டியிருக்கும்.”

“எழுது. ரெண்டாங்கிளாஸ்ல என் பஸ்ல மூணு தடவை வாந்தி எடுத்தவன் நீ. மூணு தடவையும் நான்தான் கழுவினேன். அதையும் சேத்து எழுது.”

லூக் காது சிவக்க எழுதினான். அத்துமீறல். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நீதிமன்றம். குற்றம் உறுதியானால் மீன்பிடி உரிமம் போகும். அது மட்டுமென்றால் ரீட்டா தூங்கியிருப்பாள். ஜூலையில் பள்ளிக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரொம்ப அன்பான கடிதம். நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவரிடம் பிள்ளைகளின் பேருந்தைத் தருவது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று அன்பாகச் சொன்னது.

ஆர்மான் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “அபராதத்தைக் கட்டிட்டு மேற்கு மலை ஏரிக்குப் போயேன், ரீட்டா. அங்கயும் மீன் இருக்கு.”

“அங்க இருக்கிறது அங்க இருக்கட்டும். இருநூறு வருஷமா எழுதி வச்சிருக்கிறதை ஒரு மஞ்சத் தகரத்துக்காக விட்டுடணுமா? நாளைக்குப் பாலத்தடியில போர்டு போடுவான். அப்புறம் பாலத்துமேல.”

அரசு வக்கீல் நல்ல மனிதர், அதைவிட முக்கியமாகச் சோம்பேறி. ஓடையில் படகு போகும் என்று காவலர் எழுதிக் கொடுத்தால் வழக்கைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டார். இந்தச் சேதி டாக்டர் காதுக்கு எட்டியதும், ஊர்ச் சபையின் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வந்தார். வழக்கமாக மூன்று பேரும் ஒரு மின்விசிறியும் இருக்கும் கூட்டம். அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள்.

“படகாம். அந்த ஓடையில நான் காலணி நனையாம நடக்கிறேன். ஏப்ரல்ல பனி உருகறப்போ ஒரு படகை மிதக்கவிட்டுக் காட்டுவாங்க. ஏப்ரல்ல என் வீட்டு நிலவறையிலகூடப் படகு போகும்.”

கூட்டம் சிரித்தது. நியாயமான பேச்சு என்பதால் ரீட்டாவும் சிரித்தாள்.

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தாம் அந்த நிலத்தைக் கெடுக்க வரவில்லை, காக்க வந்ததாகச் சொன்னார். “நான் வந்தப்போ இந்த ஓடையில ஒரு பீவர்கூட இல்ல. இப்போ குடும்பம் குடும்பமா இருக்கு. என்ன பல்லு தெரியுமா அதுக்கு! ஒரே ராத்திரியில ஒரு பாப்ளர் மரத்தைச் சாய்ச்சிடுது.” பல் டாக்டருக்குப் பல்லால் பிழைக்கும் பிராணிமேல் பாசம் வந்ததில் ஊருக்கு ஆச்சரியம் இல்லை.

பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஆர்மான் ஒரு கண்ணைத் திறந்தார். ரீட்டா அவர் முழங்காலை அழுத்தினாள்.

“சரி டாக்டர். தேதியை நீங்களே சொல்லுங்க” என்றாள்.

“ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. பாலத்திலேருந்து பழைய ஆலை வரைக்கும். நீங்களே உக்காந்து வரணும். இறங்கித் தள்றது, இழுக்கிறது எதுவும் கூடாது. ஒரு கால் வெளிய வச்சாலும் நீங்க குத்தத்தை ஒத்துக்கணும்.”

“படகு போயிடுச்சுன்னா?”

“மடு வரைக்கும் தண்ணியில யார் வேணா வரட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“எழுதிக்கோடி” என்றாள் ரீட்டா, ஏவிஸிடம். ஏவிஸ் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள்.

வருடத்திலேயே தண்ணீர் வற்றிக் கிடக்கும் வாரத்தை ஏன் இவள் ஒத்துக்கொண்டாள் என்று ஊர் மண்டையைப் பிய்த்துக்கொண்டது. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஆர்மான் பேசினார்.

“ரெண்டு குளிர்காலமா அங்க யாரும் பொறி வைக்கல.”

“ஆமா.”

“பீவர் இருந்தா அணை இருக்கும். அணை இருந்தா ஆகஸ்ட்லயும் தண்ணி நிக்கும்.”

“ஆமா.”

“ஆனா அணையும் நிக்குமே, ரீட்டா. அதை எப்படித் தாண்டுவ? இறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரே.”

ரீட்டா வண்டியைக் கிளப்பினாள். “அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்.” போய்ப் பார்க்க வழி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஓடையின் நடுப்பகுதி முழுக்கப் புதரும் கொசுவும், இரு பக்கமும் வருடம் போட்ட போர்டும். எத்தனை அணை, எவ்வளவு உயரம் என்பது பீவருக்கு மட்டும்தான் தெரியும். டாக்டரும் புதருக்குள் போகிறவர் இல்லை. அவர் பீவரைத் தன் வீட்டு மாடியிலிருந்து தொலைநோக்கியில்தான் நேசித்தார்.

படகு ஆர்மானுடையது. வாத்து வேட்டைக்குக் கட்டிய தட்டை அடிப் படகு. மேப்பிள் மரப் பாகு காய்ச்சும் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது, அடியில் கோழிகள் குடியிருந்தன. கோழிகளை விரட்டி, பொத்தலுக்குத் தார் பூசும்போது ஆர்மான் மெல்ல ஆரம்பித்தார்.

“நான் வேணா உக்காரேன். நான் உக்காந்தா மூணு விரக்கடைத் தண்ணி போதும்.”

“நீ உக்காந்தா காத்துல பறந்துடும். லூக் எழுதின சீட்டுல என் பேருதான் இருக்கு. நான்தான் போவேன்.”

ரீட்டாவின் எடை பற்றி ஊர் மூன்று வாரம் பேசியது. ஓட்டுநர் உரிமத்தில் போட்டிருக்கும் எடை பதினைந்து வருடம் பழையது என்று ஏவிஸ் ரகசியமாகச் சொன்னாள், கடையில் இருந்த ஒன்பது பேரிடம். மழை ஒரு சொட்டு இல்லை.

அந்தச் சனிக்கிழமை பாலத்தில் நிற்க இடமில்லை. மடக்கு நாற்காலிகள் வந்திருந்தன. தீயணைப்புக் குழுப் பெண்கள் ஆப்பிள் பை விற்றார்கள். டாக்டர் நிலத்தில் கால் வைக்க மூன்று பேருக்கு மட்டும் அனுமதி: டாக்டர், காவலர் லூக், எழுத்தர் என்ற முறையில் ஏவிஸ். ஆர்மான் சாலை வழியாக ஆலைக்குப் போய்க் காத்திருந்தார்.

ரீட்டா படகின் பின்பலகையில் உட்கார்ந்ததும் படகு தரை தட்டியது. பாலத்தின் மேலிருந்து ஒரு பெருமூச்சு. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நீளக் கழியை ஊன்றித் தள்ளினாள். கூழாங்கல்லின் மேல் தட்டைப் பலகை உராயும் சத்தம் பல்லைக் கூசச் செய்தது. டாக்டர் கரையோடு நடந்தபடி, “ஒண்ணு” என்றார். சற்றுத் தள்ளி மறுபடி உராய்ந்தது. “ரெண்டு.”

“எண்ணச் சொல்லி யாரும் கேக்கல, டாக்டர்” என்றாள் ரீட்டா. “இறங்கினா மட்டும் சொல்லுங்க.”

முதல் இருநூறு கெஜம் படகு மிதந்தது என்று சொன்னால் பொய். ரீட்டா அதைக் கழியால் குத்திக் குத்தி முன்னால் போகவைத்தாள் என்பதே உண்மை. கையில் தோல் உரிந்தது. பிறகு புதர் மூடிய வளைவில் படகு திரும்பியது, சத்தம் சட்டென்று நின்றது.

கறுத்த, அசையாத நீர். கழியை விட்டாள். கழி போய்க்கொண்டே இருந்தது, முழங்கை நனைந்த பிறகுதான் சேறு தட்டியது. டாக்டர் எண்ணுவதை நிறுத்தினார்.

“எவ்வளவு ஆழம் இருக்கும் லூக்?” என்று ரீட்டா கேட்டாள்.

“படகுக்குப் போதும், மிஸஸ் டீபோ.”

கால் மைல் தூரம் அரசியைப்போலப் போனாள். ஏவிஸ் கரையில் சேற்றில் புதைந்து செருப்பைத் தொலைத்தாள், ஆனாலும் குறிப்பேட்டை விடவில்லை. அடுத்த வளைவில் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

ஓடையின் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, குச்சியும் சேறும் அடுக்கிய அணை. இந்தப் பக்கம் நீர் விளிம்புவரை நின்றது. அந்தப் பக்கம் ஓர் ஆள் மார்பளவு பள்ளம், கீழே மறுபடி நீர். ரீட்டா கழியை ஓங்கி ஊன்றி வேகமாக மோதினாள். படகின் மூக்கு அணைமேல் ஏறியது, பாதி தூரம் சறுக்கியது, நின்றது. முன்பாதி வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்க, பின்பாதியில் ரீட்டா. தள்ளினாள். கழி சேற்றில் புதைந்ததே தவிரப் படகு அசையவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். குரலில் உண்மையான பரிவு இருந்தது என்று ஏவிஸ் பிற்பாடு ஒப்புக்கொண்டாள். “இறங்கிடுங்க, மிஸஸ் டீபோ. இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். படகு கவிழ்ந்தா அடிபடும்.”

ரீட்டா கழியைப் படகுக்குள் படுக்கப் போட்டாள். லூக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் இறங்கப்போகிறாள் என்றே மூவரும் நினைத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டு, இரு கையையும் ஓரப் பலகைகளில் ஊன்றி, பின்பலகையிலிருந்து முன்பக்கமாகத் தவழ ஆரம்பித்தாள். ஒரு முழம். இன்னொரு முழம். அவள் நடுப்பகுதியைத் தாண்டியதும் படகின் பின்பாகம் தண்ணீரை விட்டு மெதுவாக மேலே எழும்பியது. ஈஸ்ட் பார்னபி மூன்று வாரம் சிரித்த எடை முழுவதும் இப்போது மூக்கில் இருந்தது. குச்சிகள் நொறுங்கின. படகு முன்னால் குனிந்து, அணையின் முதுகில் சறுக்கி, தடாரென்று கீழே விழுந்தது.

நீர் தலைக்குமேல் எழுந்து அடங்கியபோது படகு நிமிர்ந்திருந்தது. பாதி நிரம்பியும் இருந்தது. ரீட்டா உள்ளே இருந்தாள். புழு வைத்திருந்த காப்பி டப்பாவை எடுத்து, புழுவைக் கொட்டிவிட்டு, நீரை இறைக்கத் தொடங்கினாள்.

“கால் எதுவும் வெளிய வந்துச்சா, டாக்டர்?”

ஏவிஸ் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: “வரல.”

இன்னும் இரண்டு அணைகள் இருந்தன. வித்தை தெரிந்துவிட்டபடியால் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு அப்பால் கெட்டில் மடு, அதன் மேலே டாக்டர் வீட்டு மாடி. ஆலை இன்னும் நூறு கெஜம்தான். ரீட்டா அங்கே கழியை ஊன்றிப் படகை நிறுத்தினாள். பலகைக்கடியிலிருந்து தூண்டிலை எடுத்தாள். படகுக்குள் தேங்கிய நீரில் நீந்திக்கொண்டிருந்த புழுக்களில் ஒன்றைப் பொறுக்கிக் கொக்கியில் மாட்டி, வீசினாள்.

“பந்தயத்துல மீன் பிடிக்கிறது இல்ல” என்றார் டாக்டர்.

“பந்தயம் படகு. இது அரசியல் சட்டம்.”

“இது ஓடையோட தண்ணியே இல்ல. பீவர் தேக்கின தண்ணி. லூக், இது கணக்குல வராது.”

லூக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். “படகு போகுமான்னுதான் அந்தக் காகிதம் கேக்குது, டாக்டர். யார் தேக்கினாங்கன்னு கேக்கல. படகு போச்சு. நான் பாத்தேன்.”

“சீட்டு எழுதுறதா இருந்தா எழுது, லூக்” என்றாள் ரீட்டா, மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்தச் சட்ட நகல் என் பையிலதான் இருக்கு. நனைஞ்சிருக்கு, ஆனா படிக்கலாம்.”

லூக் பேனாவைச் சட்டைப்பையில் செருகினான். ஒரு சாணுக்கும் குறைவான ட்ரௌட் ஒன்று கடித்தது. அதன் பிறகே அவள் ஆலைக்குப் போனாள்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ரீட்டா நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பள்ளிப் பேருந்தை ஓட்டினாள். பள்ளிக் குழு இன்னொரு கடிதம் அனுப்பியது, முந்தையதைவிட அன்பாக. சனிக்கிழமைகளில் ஊரில் இருந்த தட்டைப் படகுகள் எல்லாம் டிக்கர் ஓடையில் திரிந்தன. மீன்பிடித்தே பழக்கமில்லாத ஏவிஸ்கூட ஒரு தடவை போனாள், டாக்டர் வீட்டு மாடியில் என்ன திரைச்சீலை என்று பார்க்க.

அக்டோபர் நடுவில் டாக்டர் கிரெஷம் டீபோ வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். ரீட்டா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆர்மான் அவளுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஆர்மானைப் பார்த்துப் பேசினார்.

“பீவர் இன்னொரு அணை கட்டிடுச்சு. என் வண்டிப்பாதை முழுக்கத் தண்ணி. இந்த ஊர்ல நல்லாப் பொறி வைக்கிறவர் நீங்கதான்னு கடையில சொன்னாங்க.”

ஆர்மான் மனைவியைப் பார்த்தார். ஓடையில் பீவர் இல்லாமல் போனால் அணை உடையும், அணை உடைந்தால் அடுத்த ஆகஸ்டில் படகு கூழாங்கல்லில் கிடக்கும். இது மூவருக்கும் தெரிந்திருந்தது. டாக்டருக்கு ஒருவேளை கொஞ்சம் முன்னதாகவே தெரிந்திருந்தது.

ரீட்டா கையிலிருந்த விறகை வைத்துவிட்டு, கையுறையைத் தட்டிக்கொண்டாள்.

“வைக்கலாம்தான், டாக்டர். ஆனா பொறி வைக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கே” என்றாள். “நேத்துக்கூடப் படகுல போறப்போ பாத்தேன். வருஷமெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்க.”